ஏழு மாதமாகப் பேசுகிறேன், அவர் பதிலே சொல்வதில்லை

வாசகி ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். ஆனால் எதிலும் நிலைத்து நிற்க முடியவில்லை. மூன்று வேலைகள், ஒரு காதல், கல்லூரி நாட்களிலிருந்து தொடர்ந்த ஒரு நட்பு எல்லாவற்றையும் தானே முறித்துக்கொண்டு வந்திருக்கிறார். "எதிரில் இருப்பவருக்கு என்மேல் சலிப்புத் தட்டுவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர்கள் சொல்வதற்குள் நான் கிளம்பிவிடுவேன்" என்கிறார். மனச்சோர்வு அதிகமாகி, உளஇயக்கவியல் முறையில் (பழைய உறவுகளும் நாம் உணராத மனஓட்டங்களும் இன்றைய வாழ்வை எப்படி நடத்துகின்றன என்று பேசிப் பார்க்கும் முறை) பயிற்சி பெற்ற ஒரு தெரபிஸ்டிடம் ஏழு மாதமாக வாரம் ஒருமுறை போய் வருகிறார்.

"நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால், 'நான் என்ன சொல்வேன் என்று நினைக்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்கிறார். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். 'இன்று அது ஏன் தோன்றியது?' என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒருநாள் 15 நிமிடம் தாமதமாகப் போனேன். வழக்கமான நேரத்துக்கே முடித்துவிட்டார். போன மாதம் மூன்று வாரம் லீவில் போனார். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனாலும் அந்த மூன்று வாரம் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். திரும்பி வந்து, எப்படி இருந்தீர்கள் என்று கேட்டார். பரவாயில்லை, நன்றாக இருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் நாலைந்து நாள் பேசமாட்டார். என்ன தப்பு செய்தேன் என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். எதைப் பேசினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. அம்மாவைக் குறை சொல்லவா நான் பணம் கட்டிப் போகிறேன்? என் தோழி வேறு முறையில் 12 செஷனில் முடித்துவிட்டு நன்றாக இருக்கிறாள். நான் முன்பைவிட அதிகமாக அழுகிறேன். இனி வரப்போவதில்லை என்று ஒரு மெசேஜ் டைப் செய்து வைத்திருக்கிறேன். அனுப்பிவிடட்டுமா மேடம்?"

அன்புள்ள வாசகிக்கு,

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அந்தத் தெரபிஸ்டை விட்டு விலகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலகுவது உங்கள் உரிமை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மெசேஜில் விலக வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை முழுக்க உங்கள் பக்கம்தான் இருந்தேன். இரண்டாவது தடவைதான் ஒன்று உறைத்தது. இந்த நான்கு பக்கத்தில் ஒரு வரியைக்கூட நீங்கள் அவரிடம் சொல்லவில்லை. கோபம், அவமானம், பயம் எல்லாம் முகம் தெரியாத எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவருக்குப் போனது "பரவாயில்லை" மட்டும். முகவரி மாறி வந்த கடிதம் இது.

கொட்டித் தீர்ப்பது வேறு

மனதில் கிடப்பதைக் கொட்டினால் பாரம் இறங்கும், மீதியை அவர் ஆலோசனையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். தவறில்லை, இந்தச் சிகிச்சையே அப்படித்தான் தொடங்கியது. 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் யோசஃப் பிராயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்ல அவளுடைய உபாதைகள் தணிந்ததாகக் குறிப்பெழுதினார். அதற்குப் "பேச்சு வைத்தியம்" என்று பெயர் வைத்தது மருத்துவரல்ல, அந்தப் பெண்தான். விளையாட்டாகப் "புகைபோக்கி சுத்தம் செய்வது" என்றும் சொன்னாளாம். சொல்லச் சொல்லக் கரி உதிரும் என்ற கணக்கு. அவள் அதோடு முழுக்கக் குணமாகிவிடவில்லை, பிறகும் சில காலம் மருத்துவமனைகளில் இருக்க நேர்ந்தது. பின்னாளில் பெண்களுக்காகப் பெரும் பணி செய்தவர் அவர்.

புகைபோக்கிக் கணக்கு போதாது என்பதை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் பிராய்ட் ஒரு தோல்வியில் கற்றுக்கொண்டார். 1900 அக்டோபரில் 18 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் சிகிச்சைக்கு வந்தாள். டோரா என்ற புனைபெயரில் அவர் எழுதிய பெண் இவள்தான். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து டிசம்பர் 31 அன்று, இன்றோடு சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிராய்ட் அவளுடைய கனவுகளுக்கு விளக்கம் சொல்வதில் மும்முரமாக இருந்தார். வேறொரு மனிதர்மேல் அவளுக்கிருந்த கோபம் தன்மேல் திரும்பியிருப்பதைச் சரியான நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று 1905-இல் வெளியிட்ட பதிவில் அவரே ஒப்புக்கொள்கிறார். இன்று அதைப் படித்தால், அவள் சொன்னதைவிடத் தன் விளக்கத்தையே அவர் அதிகம் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் எனக்குத் தோன்றும். அது இருக்கட்டும்.

அவர் கவனிக்கத் தவறியதற்குத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். நோயாளி தெரபிஸ்ட்மேல் காதல் கொள்வது என்று சினிமா பார்த்துப் பலர் நினைக்கிறார்கள். காதலும் வரலாம்தான், ஆனால் விஷயம் அதைவிடச் சாதாரணமானது. நெருக்கமானவர்களிடம் எப்படி இருப்பது, அவர்கள் நம்மை எப்படி நடத்துவார்கள் என்று சின்ன வயதில் ஒரு வழி பழகிவிடுகிறோம். புதிய ஆளிடமும் கால் தானாக அந்த வழியில்தான் போகும். மேலதிகாரியிடமும் காதலரிடமும் இதுதான் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், மேலதிகாரியோடு உட்கார்ந்து "நமக்குள் இப்போது என்ன நடந்தது?" என்று அலச முடியாது. தெரபிஸ்டோடு முடியும். அதற்காகவே ஏற்பாடான உறவு அது.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். நான் பார்த்திராத ஒருவரைப் பற்றிக் கடிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. எனவே இதை ஓர் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். பேசாமல் இருக்கும் அம்மா. என்ன தப்பு என்று தானே கண்டுபிடிக்க வேண்டிய குழந்தை. இப்போது அதிகம் பேசாத ஒரு தெரபிஸ்ட். அவருக்குச் சலித்துவிட்டது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், அவர் சொல்வதற்குள் கிளம்பத் தயாராகிவிட்டீர்கள். மூன்று வேலையும் ஒரு காதலும் ஒரு நட்பும் எப்படிப் போயின என்று நீங்கள் எழுதியிருக்கும் பத்தியையும், அந்த மெசேஜ் பற்றி எழுதியிருக்கும் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

வெளியில் உங்களைப் படுத்திய அதே சிக்கல் அறைக்குள் வந்துவிட்டது. சிகிச்சை வேலை செய்யவில்லை என்பதற்கு இது அடையாளம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ ஏழு மாதம் கழித்து இப்போதுதான் அது கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது என்று படுகிறது.

பேசாதவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

நானும் ஒரு தெரபிஸ்ட்தான், என் அறையிலிருந்து ஒரு சின்னக் காட்சி சொல்கிறேன். எதிரில் இருப்பவர் "அதெல்லாம் பழைய கதை, இப்போது ஒன்றுமில்லை" என்கிறார். சொல்லும்போதே கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறார். அன்று அது மூன்றாவது தடவை. முதல் தடவை அண்ணன் பேச்சு வந்தபோது, இரண்டாவது தடவை நான் ஒரு கேள்வி கேட்டபோது. நான் அதை இப்போது சொல்லலாமா, அடுத்த வாரம் சொல்லலாமா, சொன்னால் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் அவருக்கு ஆகிவிடுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடக்கும். ஒருவர் பேசும்போது எனக்குத் தூக்கம் வரும். வேறொருவர் பேசும்போது காரணமில்லாமல் அவசரமாக ஆறுதல் சொல்லத் தோன்றும். இதற்குக் கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். இதைத் தெரபிஸ்டின் குறைபாடாக மட்டுமே பார்த்த காலம் உண்டு. 1950-இல் பவுலா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர், தெரபிஸ்டுக்குள் எழும் உணர்ச்சி நோயாளியின் மனதைப் புரிந்துகொள்ள உதவும் கருவியும் ஆகும் என்று எழுதினார். கருவிதான், ஆனால் என் தூக்கத்துக்குக் காரணம் நோயாளியா, முந்தைய இரவில் நான் கண் விழித்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் மூத்தவர் ஒருவரிடம் போய் எங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிறோம். பயிற்சிக் காலத்தில் நாங்களே நோயாளியாகவும் உட்காருகிறோம். நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் தெரபிஸ்டும் அதிகம் பேசமாட்டார், எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு.

குழந்தைகள் உண்டா என்ற கேள்விக்கு வருவோம். உண்டு என்று அவர் சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? "அவருக்கு அவர்கள்தான் முக்கியம், நான் ஒரு மணி நேர வேலை." இல்லை என்று சொல்லியிருந்தால்? "இவருக்கு அம்மா மகள் விஷயம் எப்படிப் புரியும்?" எது உங்களுக்குள் ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. பதில் வந்துவிட்டால் அந்த ஓட்டம் பேச்சுக்கு வராமலே போய்விடும். அதனால்தான் திருப்பிக் கேட்பது. அதே சமயம், அவர் கேட்ட விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "சொல்லக் கூடாத ரகசியம் ஒன்றும் இல்லை, அதற்கு முன் அது ஏன் மனதில் வந்தது என்று பார்ப்போமா?" என்று கேட்டிருந்தால் முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை அவர் செய்தது சரி. 50 நிமிடம் என்றால் 50 நிமிடம். தாமதமாக வந்ததற்குத் தண்டனையும் கிடையாது, சலுகையும் கிடையாது. அந்த நேர வரம்பு அசையாமல் இருந்தால்தான் அதற்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது தெரியும். அந்த 15 நிமிடத் தாமதம் லீவு பற்றி அவர் சொன்ன வாரத்துக்கு அடுத்த வாரமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். தற்செயலாகவும் இருக்கலாம்.

மௌனம் ஒன்றும் புனிதமானதல்ல, இதை என் தொழிலில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். என்ன சொல்வதென்று தெரியாமல் மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், கணவரை இழந்த ஒருவர் எதிரில் நான் நெறிமுறைப்படி வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அன்று தேவைப்பட்டது ஒரு மனிதக் குரல். அடுத்த வாரம் அவர் வரவில்லை. சிறு வயதில் மௌனத்தால் தண்டிக்கப்பட்ட ஒருவரிடம் எவ்வளவு மௌனம் தாங்கும் என்பதைத் தெரபிஸ்ட் அளந்து பார்க்க வேண்டும். உங்கள் தெரபிஸ்டுக்கு அந்த அளவு தெரியவில்லை என்றால், அது நீங்கள் "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதாலும் இருக்கலாம்.

அம்மாமேல் பழி போடுவதா?

இல்லை. உங்கள் அம்மா அந்த அறைக்குள் குற்றவாளியாக வருவதில்லை. அவர் பேசாமல் இருந்ததற்கு அவருக்கும் காரணங்கள் இருந்திருக்கும். அங்கே பேசுபொருள், அந்த நாலைந்து நாளில் ஒரு சிறுமி என்ன முடிவுக்கு வந்தாள் என்பது. அவள் அப்போது செய்தது புத்திசாலித்தனமான காரியம். பெரியவர் முகத்தைப் படித்து, முந்திக்கொண்டு ஒதுங்கிக்கொண்டாள். அதே புத்திசாலித்தனத்துக்கு 36 வயதில் வேலையையும் நட்பையும் விலையாகக் கொடுக்கிறீர்கள்.

இதையெல்லாம் நீங்கள் முன்பே ஊகித்திருக்கலாம். அப்படியானால் ஏன் மாறவில்லை என்று கேட்பீர்கள். காரணம் தெரிந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்பது பலருக்கும் உள்ள நம்பிக்கை. அது நடப்பதில்லை. நினைவுக்கு வராததை மனிதர்கள் செயலில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், ஒருமுறை புரியவைத்தால் போதாது, அதனோடு மல்லுக்கட்டிக் கடக்கக் காலம் தேவை என்று பிராய்ட் 1914-இலேயே எழுதிவிட்டார். ஒருவர்மேல் கோபப்பட்டு, அதை அவரிடமே சொல்லி, அவர் முகம் திருப்பாமல் அடுத்த வாரமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு வகை அறிவு. அது படித்து வராது. ஒரு தடவையிலும் வராது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நினைவு என்பது பெட்டியில் பூட்டிய பழைய போட்டோ அல்ல, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கொஞ்சம் மாறும். உங்களுக்கு நினைவில்லாத ஒரு கொடுமை நடந்திருக்க வேண்டும் என்று எந்தத் தெரபிஸ்டாவது வற்புறுத்தினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தோழியின் 12 செஷன்

எதற்காக அவர் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. குறிப்பிட்ட ஒரு பயம், திடீர்ப் பீதி, கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற எண்ணச் சுழற்சி இவற்றுக்குச் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் நானும் முதலில் பரிந்துரைப்பேன். அதிலும் பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மனச்சோர்வுக்கு நிலைமை அப்படி இல்லை. ஆம்ஸ்டர்டாமில் மனச்சோர்வுள்ள 341 பேரிடம் சிபிடியையும் உளஇயக்கவியல் முறையையும் 16 செஷன் வீதம் ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்த 16 செஷன் முடிவில் நோயிலிருந்து முழுமையாக மீண்டவர்கள், எந்த முறையிலானாலும், நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை எந்தத் தரப்பும் அவ்வளவாக விளம்பரப்படுத்துவதில்லை.

அதிகமாக அழுவது பற்றி: அறையில் அழுவதும் அன்று மாலை பாரமாக இருப்பதும் இந்தக் கட்டத்தில் சகஜம். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் சகஜமில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த செஷன் வரை காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே தெரபிஸ்டுக்குச் சொல்லுங்கள், மனநல மருத்துவரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள். மருந்தும் பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

நீங்கள் கேட்கலாம், விலகலாம்

அவருடைய படிப்பு, பயிற்சி என்ன, மூத்தவர் ஒருவரிடம் தன் வேலையைக் கலந்து பேசுகிறாரா, உங்கள் பிரச்சினையை அவர் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார், எதை நோக்கிப் போகிறோம், ஏறத்தாழ எவ்வளவு காலம், நீங்கள் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் அவர் வெளியில் சொல்ல வேண்டிவரும் என்பதையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இவற்றுக்கும் "ஏன் கேட்கிறீர்கள்?" என்பது மட்டுமே பதிலாக வந்தால் அது முறையல்ல. கேள்விக்குப் பின்னால் இருப்பதை ஆராயலாம், ஆனால் தகவலைக் கொடுத்துவிட்டு ஆராய வேண்டும்.

சில விஷயங்களில் அலசல், விளக்கம் எதுவும் தேவையில்லை. பாலியல் பேச்சு, தொடுதல், வெளியில் சந்திக்க அழைப்பது, உங்களிடம் கடனோ உதவியோ கேட்பது, உங்கள் விஷயத்தை மற்றவர்களிடம் சொல்வது, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது இவற்றில் ஏதாவது நடந்தால் உடனே விலகி, அவரைப் பதிவு செய்திருக்கும் அமைப்பிடம் புகார் கொடுங்கள். "உங்களுக்கு அப்படித் தோன்றுவது டிரான்ஸ்ஃபரன்ஸ்" என்று அவர் சொன்னால் மயங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இதெல்லாம் இல்லாமலே, இவரோடு ஒத்துவரவில்லை என்று விலகுவதும் நியாயம்தான். தெரபிஸ்டுகளிலும் நமக்குப் பொருந்துகிறவர், பொருந்தாதவர் உண்டு. அப்படியானால் முன்கூட்டியே சொல்லி, மூன்று நான்கு செஷன் எடுத்து, விடைபெற்றுப் போங்கள். ஐந்து முறை வாசல் வழியாகச் சொல்லாமல் நழுவிய உங்களுக்கு, உட்கார்ந்து விடைபெறும் அனுபவம் ஒன்றாவது கிடைக்கட்டும்.

அடுத்த செஷனில்

அந்த மெசேஜை அழிக்க வேண்டாம். போனை எடுத்து அவர் எதிரில் படித்துக் காட்டுங்கள். முழுதாக முடியாவிட்டால் இரண்டு வாக்கியம் போதும்: "நீங்கள் லீவில் இருந்தபோது எனக்கு உங்கள்மேல் பயங்கரக் கோபம். நான் நன்றாக இருந்தேன் என்று சொன்னது பொய்." முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். முக்கியமான விஷயத்தை எழுந்து கதவைத் திறக்கும்போது சொல்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்போது சொன்னால் அவரால் அதை எடுத்துப் பேச நேரமிருக்காது, நீங்கள் இன்னொரு வாரம் அவருடைய மௌனத்தோடு வீட்டுக்குப் போவீர்கள்.

சொன்ன பிறகும் அவர் பேசாமல் இருந்தால், "இப்போது நீங்கள் ஏதாவது சொல்லுங்கள், இந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை" என்று கேளுங்கள். சின்ன வயதில் இதைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கவில்லை. அதற்கு அவர் என்ன செய்கிறார் என்று ஒரு மாதம் பாருங்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறாரா, உங்களைக் குற்றம் சொல்கிறாரா, அல்லது உங்கள் கோபத்தை வாங்கிக்கொண்டு, தன் பக்கத் தவறு ஏதும் இருந்தால் ஒப்புக்கொண்டு, உங்களோடு சேர்ந்து அதைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அதை வைத்து முடிவெடுங்கள்.